அடுத்த வீட்டுச் சூடு

அந்தக் குளிர்காலத்தில் தொட்டக்கொரை தேயிலை எஸ்டேட்டில், மேல் லைனின் ஐந்து தொழிலாளர் வீடுகளில் யார் அடுப்பு மூட்டினாலும் சூடு அவரவர் வீட்டில் தங்காமல், சரிவில் கீழே இருக்கும் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இப்போது சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி, அப்படியானால் சோறு யார் வீட்டில் வெந்தது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நாங்களும் முதலில் அதைத்தான் கேட்டோம். நாங்கள் கீழ் லைன்காரர்கள். எங்கள் வீடுகளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, எங்கள் சூடு எங்களோடுதான் இருந்தது, அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

மலையில் இருக்காதவர்களுக்கு விறகின் அருமை தெரியாது. கீழ்நாட்டில் விறகு என்றால் சமையல், காஸ் வந்த பிறகு அதுவும் இல்லை. எங்களுக்கும் காஸ் வந்தது, ஆனால் சிலிண்டரை வைத்துக் காப்பி போடலாமே தவிர வீட்டைக் குளிரிலிருந்து காப்பாற்ற முடியாது. அதனால் சித்திரையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போதே பெண்கள் வெட்டி விழுந்த மிலாறுக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகச் சும்மாடு வைத்துத் தூக்கி வரத் தொடங்குவார்கள், ஆடிக் காற்று ஒடித்துப் போடுகிற சீகைக் கிளையையும் கற்பூர மரக் கிளையையும் இழுத்து வருவார்கள், ஆவணி வெயிலில் ஆண்கள் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள், ஐப்பசி மழைக்குள் எல்லாவற்றையும் வீட்டுச் சுவரோரம் கூரை மட்டத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், அப்புறம் கார்த்திகை போய் ஒரு விடியலில் புல்வெளி முழுக்க உப்புக் கொட்டிய மாதிரி உறைபனி விழுந்து கிடக்கும்போது, அடுக்கு மாசி வரைக்கும் தாங்குமா என்று ஒவ்வொருத்தரும் தன் சுவரை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். கணக்குத் தப்பினவர்கள் கட்டில் காலை எரித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்த அடுக்குகிற வேலையில் மேல் லைனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் விறகைத் தன் கையால் அடுக்கக் கூடாது. மேல்பக்கத்து வீட்டுக்காரர்தான் கீழ்பக்கத்து வீட்டுக்கு அடுக்க வேண்டும், முதல் வீட்டுக்குக் கடைசி வீட்டுக்காரர் ஏறி வந்து அடுக்குவார். தன் கையால் அடுக்கின விறகு பார்க்கப் பார்க்கக் குறையும் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து, யார் வீட்டில் விறகு பத்தாது என்று பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் அதில் இருந்த நன்மை.

முதல் வீட்டில் திருமேனி இருந்தார், இரண்டாம் வீட்டில் பூரணம் இருந்தாள், இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் இருந்தவர்கள்தான். முந்தின வருஷம் கார்த்திகையில், மேல் டிவிஷனில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் விறகு பத்தவில்லை என்று யாரோ வந்து நின்றதும், திருமேனி டிராக்டரை வாசலுக்கே வரச் சொல்லி அடுக்கு மொத்தத்தையும் ஏற்றி அனுப்பிவிட்டார். கொடுத்துப் பழகின கை அது, யாராவது கேட்டால் நீளும், யாரையும் கேட்காது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பூரணம் பார்த்தது வெறும் சுவரையும் அதில் வழி தெரியாமல் அலைந்த எறும்புகளையும்தான். அந்த மார்கழியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இன்னொரு தடவை இப்படிக் குளிர் பட்டால் நெஞ்சு தாங்காதம்மா என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, குடியிருந்தவர்கள் திருப்பூருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த இரண்டாம் வீட்டைத் தன் பேரில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே டிராக்டர்ல ஏத்திவிட்டிருப்பேன்," என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள்.

"நல்ல காரியத்துக்குக் குடுக்குறத எதுக்குக் கேக்கணும்?" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார்.

ஒருத்தரிடம் ஒருத்தர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சித்திரையிலிருந்து தனி ஆளாக விறகு சேர்த்தாள், இனி எவன் கையையும் நம்பி நெஞ்சை வைக்க மாட்டேன் என்று வைராக்கியமாகச் சேர்த்தாள். அடுக்குகிற நாள் வந்தபோது வழக்கப்படி திருமேனி வந்து அடுக்க வேண்டும். அவர் வாசல் வரைக்கும் வந்ததாகவும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானே அடுக்கியதாகவும், அந்த அடுக்கு மேல் லைனிலேயே நேராக நின்றதாகவும் சொல்வார்கள்.

முதல் உறைபனி விழுந்த காலையில் ஒவ்வொரு வீடாக அடுப்பு மூட்டத் தொடங்கினார்கள். திருமேனி அடுப்பில் தீ நன்றாகத்தான் பிடித்தது, புகை கண்ணைக் கரித்தது, கட்டை சாம்பலானது, ஆனால் தீக்குள் கையை விட்டால் ஓடைத் தண்ணீரில் விட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. விறகு சரியில்லை என்று திட்டிவிட்டு அவர் தீயை அணைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பூரணமும் தன் அடுப்பில் கைவைத்துப் பார்த்து, இத்தனை பாடுபட்டும் ஈரக் கட்டையா சேர்த்தோம் என்று அழுகை வந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது மூன்றாம் வீட்டு ஸ்டெல்லா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"அக்கா, ஒங்க அடுப்பு எரியுதா?"

"எரியுது புள்ள. சூடுதான் இல்ல."

"ஒங்க சூடு எங்க வீட்ல இருக்குக்கா. நான் இன்னும் பத்தவைக்கவே இல்ல, ஒலை கொதிக்குது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார்கள், கொதித்தது. பூரணம் வீட்டுக் கட்டையை வெளியே இழுத்தால் கொதி அடங்கியது, உள்ளே தள்ளினால் கொதித்தது. ஸ்டெல்லா மூட்டிய தீயில் நாலாம் வீட்டுக் கங்காணி நல்லதம்பிக்கு வெந்நீர் காய்ந்தது, கங்காணியின் தீயில் ஐந்தாம் வீட்டு வாட்சர் மாசாணத்தின் சோறு பொங்கி வழிந்தது, மாசாணத்தின் தீ யார் வீட்டுக்கும் போகாமல் லைன் முடிகிற இடத்துப் புல்தரையில் ஒரு பாய் அகலத்துக்குப் பனியை உருக்கியது, அங்கே இரண்டு காட்டெருமைகள் வந்து படுத்துக்கொண்டன.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் பழகிவிட்டது. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதிலும் சோறு வேகிற விஷயம் என்றால் சீக்கிரமே பழகிவிடுவார்கள். காஸ் அடுப்புச் சூடும் அப்படியே கீழே போனதால், மேல் வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த வீட்டில் காப்பி வந்தது. இட்லி அவிக்க வேண்டுமென்றால் மேல் வீட்டுக்குப் போய், கொஞ்சம் பெரிய கட்டையாப் போடுங்க என்று சொல்லிவிட்டு வந்து மாவு ஊற்றினார்கள். தேயிலைக் காட்டில் ஸ்டெல்லாவின் கொழுந்துக் கூடையைக் கிளறிப் பார்த்து, இது என்ன முத்தல் இலை என்று தினமும் ஏசுகிற கங்காணி நல்லதம்பி, தன் வெந்நீர் அவள் கையில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கூடையைத் தூரத்திலிருந்து பார்த்து, நல்ல இலைம்மா என்று சொல்லப் பழகிக்கொண்டார். மாசாணமோ மிருகங்கள் வெதுவெதுப்பான தரையை விட்டு எழுந்து காய்கறிப் பாத்திகளில் இறங்குவதில்லை என்பதைக் கண்டுகொண்டு, தன் விறகை யோசிக்காமல் போட்டார், போட்டுவிட்டு அவற்றின் மேல் ஆவி பறப்பதை ஒரு தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் மேனேஜர் துரை ஒருநாள் ஜீப்பில் வந்து சுவரெல்லாம் கைவைத்துப் பார்த்து, இதை வெளியில் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பனியில் கருகுகிற தேயிலை நாற்றுகளை அந்தப் புல்தரையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். நாற்றுகளைக் காட்டெருமைகள் அன்றைக்கே தின்றுவிட்டன, துரை அதற்குப் பிறகு வரவில்லை.

ஆனால் எல்லாச் சூடும் கீழே போவதால் மேலே இருந்து யாருடைய சூடும் வராத வீடு ஒன்றே ஒன்று இருந்தது, அது திருமேனியின் வீடு. அவர் அடுப்பு எரிந்தால்தான் பூரணத்தின் வீட்டுக்குச் சூடு. அவர் கம்பளிக்குள் படுத்திருந்தார். பூரணம் தன் அடுப்பை எரித்து ஸ்டெல்லாவின் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்துக்கொண்டு, தான் மட்டும் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தாள்.

கங்காணியும் ஸ்டெல்லாவும் திருமேனியிடம் போனார்கள்.

"அண்ணே, ஒங்க அடுப்பு எரிஞ்சாத்தான் அக்காவுக்கு. பத்தவைங்கண்ணே," என்றாள் ஸ்டெல்லா.

"எனக்கு ஒண்ணும் வராதே," என்றார் திருமேனி.

"வராதுதான்."

"அவ கேக்கச் சொன்னாளா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்கள் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். லைன் வீட்டுச் சுவர் ஒற்றைக் கல் சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. முந்தின வருஷம் ஆம்புலன்ஸில் கேட்ட அதே இருமல். திருமேனி எழுந்தார், தார்ப்பாயை விலக்கினார், இருந்ததிலேயே காய்ந்த கட்டையாகப் பொறுக்கி எடுத்து அடுப்பை மூட்டினார். பக்கத்து வீட்டில் பூரணம் தன் காலடியில் தரை வெதுவெதுப்பாவதை உணர்ந்து, வீட்டுக் கோழியைப் பார்த்துச் சொன்னாள், "பரவால்ல. சிலருக்கு இப்பயாவது புத்தி வருது."

சுவருக்கு இந்தப் பக்கம் அது தெளிவாகக் கேட்டது. அதிலிருந்து அவள் கோழியிடம் பேசினாள், அவர் அடுப்பிடம் பேசினார்.

பெரியவர்கள் கூடி இதற்கெல்லாம் காரணம் பூரணம் தன் விறகைத் தானே அடுக்கினதுதான் என்று முடிவு கட்டினார்கள், அதைச் சரிசெய்தால் சூடு அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனே நின்று பார்க்க, அவளுடைய நேரான அடுக்கு கலைக்கப்பட்டது, திருமேனி ஒவ்வொரு கட்டையாக எடுத்து மறுபடி அடுக்கினார். பூரணம் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய் கோழி, கனத்த கட்ட அடியில போகணும்னு கூடத் தெரியாதா?" என்றாள்.

அவர் கனத்த கட்டையை அடியில் வைத்தார். சாயங்காலம் சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் அவரவர் அடுப்பை மூட்டிக் கையை நீட்டினார்கள். ஜில்லென்றுதான் இருந்தது. சூடு அதன் பாட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தது. யாருக்கும் பெரிய ஏமாற்றம் இல்லை. ஸ்டெல்லா இட்லி ஊற்றப் போய்விட்டாள்.

கொஞ்சம் யோசித்தால் இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது, கீழ் லைனில் தவழ்கிற குழந்தைக்குக்கூட அது தெரிந்திருந்தது. திருமேனி ஒரு பெரிய கட்டையை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து குளிர் காயலாம், கட்டை தீர்ந்தால் வந்து இன்னொன்று போட்டுவிட்டுப் போகலாம். நாங்களே சொன்னோம்.

"கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்ல," என்றார் திருமேனி.

"கேக்காத ஆள நான் கூப்பிடுறதில்ல," என்றாள் பூரணம்.

எங்களுக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு பேர் வீம்புக்கும் நடுவே இருந்தது ஒற்றைக் கல் சுவர், அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் பழுத்த கோடை, இன்னொரு பக்கம் குடத்துத் தண்ணீர் கல்லாகிற குளிர். அவர் வேலைவிட்டு வந்து, ஸ்டெல்லா கேட்காமலே கொண்டுவந்து வைக்கிற சோற்றைத் தின்றுவிட்டு அடுப்பு முன்னால் உட்காருவார், இரண்டு கம்பளி, ஒரு குல்லா, தலைக்கு மேல் சாக்கு, தன் மேல் துளியும் படாத தீயைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், விறகு இருக்கு, எரிக்கிறேன், ஒனக்கென்ன என்பார். அவள் இருமல் நின்றிருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. அவள் எந்நேரமும் சுவர்ப்பக்கமே காதை வைத்திருக்கிறாள் என்றும், அவர் கட்டை பிளக்கிற சத்தம் கொஞ்சம் தாமதமானால் கோழிக்குத் தீனி போடக்கூட மறந்துபோகிறாள் என்றும் ஸ்டெல்லா எங்களிடம் வந்து சொல்வாள்.

தை பிறந்து பனி இன்னும் மோசமானது. பள்ளத்துத் தேயிலையெல்லாம் கருகிக் காப்பித்தூள் நிறமாக நின்றது. மாட்டுப் பொங்கல் லீவு நாள், மத்தியானம், பூரணம் தன் வீட்டில் தீயில்லாத அடுப்பின்மேல் சோற்றுப் பானையை வைத்திருந்தாள், பக்கத்து வீட்டுத் தயவில் அது பாதி வெந்திருந்தது. திடீரென்று கொதி அடங்கியது. கட்டை மாற்றுகிறார் என்று இருந்தாள். கண்ணாடி மாதிரி பானைத் தண்ணீர் அசையாமல் நின்றது. கோழி எழுந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டது.

"தூங்கியாச்சா?" என்று கோழியைக் கேட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பதில் இல்லை. கரண்டியால் சுவரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். அப்புறம் கரண்டி எங்கே விழுந்தது என்றே அவளுக்குத் தெரியாது.

போன மாசியில் விட்டுவந்த வாசலை அவள் அன்றுதான் மறுபடி மிதித்தாள். உள்ளே வெளியைவிட மோசமான குளிர். கையெட்டும் தூரத்தில் விறகு இருந்தது, பிளந்து, காய்ந்து, கூரை வரைக்கும் இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அவர் ஒரு கட்டையைக் கையில் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், புருவத்தில் பனி பிடித்திருந்தது. அவள் அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது, நூல் மாதிரி. "ஐயோ" என்று அவள் போட்ட சத்தம் எங்கள் லைன் வரைக்கும் கேட்டது.

அந்த வீட்டில் அவருக்குச் சூடு காட்ட வழியில்லை, எத்தனை தீ மூட்டினாலும் அது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். எனவே அவள் முதலில் அடுப்பைப் பற்றவைத்தாள், ஊதுகுழலில் ஊதி ஊதி, அந்தக் குளிர்க்காற்று நெஞ்சுக்குள் இறங்கி இருமல் பிடுங்கியெடுக்க, தீ எழுகிற வரைக்கும் ஊதினாள். அதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டாள். இரண்டு பேரும் கம்பளியோடு அவரைத் தூக்கியும் இழுத்தும் இரண்டாம் வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். பூரணம் அவர் உள்ளங்காலில் தைலம் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினாள். இப்படி ஒரு மனுஷனா, இப்படி ஒரு வீம்பா, நான் ஒருத்தி கூப்பிடாட்டி என்ன, கதவு தொறந்துதானே கெடந்துச்சு என்று திட்டினாள், கோழியைப் பார்த்து அல்ல.

அவர் கண் திறந்ததும் முதலில் கம்பளியைத் தள்ளினார்.

"என்ன இப்படிச் சுடுது?"

"ஒங்க அடுப்புதான்," என்றாள் பூரணம்.

"எந்த அடுப்பு?"

"மேல் வீட்டு அடுப்பு. நீங்க எரிச்சுக்கிட்டு இருந்தது."

அவர் சுவரைத் தொட்டார், தரையைத் தொட்டார், நெற்றியில் அரும்பியிருந்த வேர்வையைத் தொட்டுப் பார்த்தார். மார்கழி முழுக்கத் தீயைக் கண்ணால் மட்டும் பார்த்திருந்த மனுஷன்.

"இவ்ளோவா இருந்துச்சு?" என்றார். "எனக்குத் தெரியாதே."

"தெனமும் இவ்ளோதான் இருந்துச்சு."

திருமேனி அழுதார். ஸ்டெல்லா நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார், பூரணம் அழுதாளா என்று கேட்டால், அவள் அவருக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டிருக்கும்போதே தரையில் சூடு லேசாகத் தணிந்தது. மேல் வீட்டில் கட்டை தீருகிறது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க," என்றாள் பூரணம்.

"நான் போறேன்க்கா, ஒங்களுக்கு நெஞ்சு சரியில்ல," என்றாள் ஸ்டெல்லா.

"வேணாம் புள்ள. அது எங்க வீட்டு அடுப்பு."

தலையோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு பூரணம் மேல் வீட்டுக்குப் போனாள். அங்கே அவள் வாயிலிருந்து ஆவி பறந்தது. கனத்த கட்டையாக ஒன்றைத் தேடி எடுத்து அடுப்பில் தள்ளினாள், தீ பிடிக்கிற வரைக்கும் நின்றாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"வருதா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"வருது," என்றார் அந்தப் பக்கமிருந்து.

"போதுமா?"

அவள் சுவரில் காதை வைத்தாள்.

"பத்தல பூரணம்," என்றார் அவர். "இன்னும் ஒரு கட்ட போடுறியா? போட்டுட்டு இங்க வந்துரு."

அவள் இரண்டு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.